எத்தனை பலகை தெரியுது

வேலணை,
11.05.2025

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற பகுதியை அக்கா போனில் முடித்திருப்பா. நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கோல் எடுக்காமல் இப்படி நீளமாக மின்னஞ்சல் எழுதுவதற்குக் காரணம், கோலில் நீங்கள் என்னை ஒரு வசனம் முடிக்க விடுவதில்லை. கடிதத்தை இடையில் மறிக்க ஏலாது.

விஷயம் உங்கள் படகு. "பயப்பட ஒன்றுமில்லை" என்று தொடங்கினேன். அந்த வரியை அழித்துவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

தொழில்நுட்பப் பட்டம் எடுத்தவன் நெடுந்தீவில் நாலாம் வகுப்புக்குச் சுற்றாடல் படிப்பிக்கப் போகிறான் என்று நீங்கள் சிரித்தீர்கள். சிரியுங்கள். அந்தப் பாடத்தில் தரவு சேகரிப்பது, வரைபு கீறுவது, வரைபைப் பார்த்து விளங்கிக்கொள்வது என்று ஒரு பகுதி இருக்கிறது. புத்தகத்தில் அப்பிளும் தோடம்பழமும் எண்ணச் சொல்லி இருக்கிறது. அப்பிளை எண்ணி அந்தப் பிள்ளைகளுக்கு என்ன விளங்கப் போகிறது? நாள்தோறும் பார்ப்பது படகு. அதனால் மாசி மாதம் ஒரு வேலை கொடுத்தேன். குறிகட்டுவான் துறையில் இருந்து ரீச்சர்மார் எங்களை ஏற்றிக்கொண்டு உங்கள் "அன்னப்பிள்ளை" வந்து சேரும்போது, இறங்குதுறைக்குக் கிட்ட வீடு உள்ள பிள்ளைகள் முறை வைத்து இரண்டு விஷயம் எண்ண வேண்டும். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் இறங்குமுன் படகின் பக்கப் பலகை தண்ணீருக்கு மேலே எத்தனை தெரிகிறது. பாதி தெரிந்தால் அரைப் பலகை. வகுப்பில் பெரிய மட்டையில் கட்டம் கீறி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஒட்டுப்பொட்டு. பொட்டு, நிலக்சனா என்றொரு பிள்ளையின் அம்மா தந்தது.

ஆள் கூடினால் படகு தாழும். இவ்வளவுதான் படிப்பிக்க நினைத்தேன். கீர்த்திகன் ஒரு கிழமை வீட்டில் படுத்திருந்தபடியே எண்ணினான் என்பதையும் வரைபே காட்டிக்கொடுத்தது, அவனுடைய பொட்டெல்லாம் ஒரே இடத்தில் குந்தியிருந்தன. "கடல் அந்தக் கிழமை மாறேல்லை சேர்" என்றான். வகுப்பே சிரித்தது.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாசியில் முப்பது பேர் வந்தால் நாலு பலகை தெரிந்தது. இப்போது அதே முப்பது பேருக்கு மூன்று பலகை.

ஒவ்வொரு வரைபுக்கும் மூன்று கேள்வி கேட்கப் பழக்கியிருக்கிறேன். என்ன தெரியுது? ஏன் எண்டு நினைக்கிறீர்? வேற காரணம் இருக்கேலுமோ? மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகள் நிறையச் சொன்னார்கள். அரிசி மூட்டை கூடிவிட்டது, காஸ் சிலிண்டர் கூடிவிட்டது, ரீச்சர்மார் கொழுத்துப்போனார்கள். எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

நீங்கள் படகை ஓட்டுகிற தண்டையல் தம்பிஐயா அண்ணையிடம் கேட்டு எழுதுங்கள். படகுக்குள் என்ன நடக்கிறது?

ரஜீபன்


பேர்ண்,
18.05.2025

அன்புள்ள தம்பி ரஜீபனுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் சுகம். இங்கே சுவிஸில் இன்னும் குளிர் விட்டபாடில்லை. ரெஸ்ரோரண்ட் குசினி அடுப்படியில் நிற்கிறபடியால் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. தனுசியா உம்மைத்தான் கேட்டபடி இருக்கிறாள். "மாமா குதிரை காட்டுவாரோ" என்று. நெடுந்தீவு முழுக்கக் குதிரை மட்டும்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். டிக்கட் போட்டாச்சு. ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு அக்காவும் அவளும் வருகினம். எனக்கு இந்தமுறை லீவு கிடையாது.

படகு விஷயம். நீர் படித்தவர், நான் படிக்காதவன், ஆனால் கடலில் பிறந்தவன். மரப் படகு ஒரு நாள் தாழும், ஒரு நாள் எழும்பும். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் தண்ணீர் நேராக நிற்காது, அதில் பலகை எண்ணுவது என்ன கணக்கு? தம்பிஐயாவோடு கதைத்தேன். "அண்ணை, வெசாக் பௌர்ணமி லீவில ஒழுக்கெல்லாம் அடைச்சுச் சீமெந்தும் பூசி விட்டிருக்கு, இரும்பு மாதிரி நிக்குது" என்றார். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னது. கரைக்கு இழுத்தால் இரண்டு மாதம் ஓட்டம் இல்லை. அந்த இரண்டு மாதமும் சனம் என்ன செய்யும்?

அந்தப் படகு நான் ஏன் விட்டேன் என்று உமக்குத் தெரியும். அம்மாவுக்கு நெஞ்சு நோவு வந்த அன்று இறங்குதுறையில் ஒரு படகும் இல்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து கரையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்காகத்தான் அம்மாவின் பெயரில் ஒரு படகு. அது என்னுடைய பிழைப்பு இல்லை தம்பி.

பிள்ளைகளுக்குப் பாடத்தைப் படிப்பியும். சாப்பாட்டைக் கவனியும், மெலிந்துபோனீர் என்று அக்கா கவலைப்படுகிறா.

அன்பு அத்தான்,
கணநாதன்


வேலணை,
08.06.2025

அத்தானுக்கு,

சோளகத்தில் எண்ண ஏலாது என்றீர்கள். சரியான கேள்வி, பிள்ளைகளிடம் அப்படியே கேட்டேன். "காத்து இல்லாத நேரம் எண்ணுவம் சேர்" என்றாள் நிலக்சனா. "ஆள் இல்லாத நேரமும் எண்ணுவம், அப்ப ரீச்சர்மாரைக் குறை சொல்லேலாது."

படகு நெடுந்தீவுத் துறையில்தான் கட்டிக் கிடக்கிறது. விடிந்த கையோடு, முதல் ஓட்டத்துக்கு முன், ஆளும் இல்லை, சாமானும் இல்லை, துறைக்குள் கடல் கிணறு மாதிரி நிற்கும். ஒரு கிழமையாக அந்த நேரத்தில் வெறும் படகை எண்ணினார்கள். இதற்குச் சிவப்புப் பொட்டு. ஒவ்வொரு நாளும் இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக எண்ணி, என்னிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கீர்த்திகனுக்குக் காவல் நிலக்சனா.

வெறும் படகு மூன்றரைப் பலகை.

மாசியில் முப்பது பேரோடு நாலு பலகை தெரிந்தது, அத்தான். இப்போது ஒருவரும் ஏறாமலே அதைவிடத் தாழ நிற்கிறது. உங்கள் படகில் காணாத ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் எந்நேரமும் ஏறி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மேலேதான் நாங்கள் போய் ஏறுகிறோம்.

இதை வகுப்பில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அந்த ஆக்கள் எங்க சேர் இருக்கினம்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் அது ஒரு உவமை என்றேன். அது அழுதது. அடுத்த நாள் அதன் தாய் வந்து, "வாத்தியார், பேய்க்கதை சொல்லவோ உங்களுக்குச் சம்பளம்?" என்று கேட்டுவிட்டுப் போனா.

போன புதன்கிழமை நடந்ததையும் கேளுங்கள். குறிகட்டுவானில் ஏறும்போதே காற்று. பாதிக் கடலில் படகு ஒரு பக்கம் சரிந்தது. சரிந்தால் திரும்பி நிமிர வேண்டும், நிமிரும். அன்றைக்கு நிமிர யோசித்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல ஏலும், யோசித்தது. விளிம்புக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே வந்து என் சப்பாத்தை நனைத்தது. பெண்கள் ஒருவரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். தர்சினி ரீச்சர் தன் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைச் சட்டைக்குள் வைத்தா. உயிர்காப்பு அங்கிகள் இருக்கின்றன. வெங்காய மூட்டைகளுக்குக் கீழே, கயிற்றால் கட்டி. தண்ணீர் இறைக்கிற பம்பு போகும்போதும் ஓடியது, வரும்போதும் ஓடியது.

எனக்கு நீந்தத் தெரியும். அந்தக் கடலில் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

படகைக் கரைக்கு இழுத்துத் தளப்பலகையைக் கழற்றிப் பாருங்கள். திருவிழாவுக்கு முன். அக்காவையும் தனுசியாவையும் நான் இதில் ஏற்றமாட்டேன்.

ரஜீபன்


பேர்ண்,
15.06.2025

அன்புள்ள தம்பி ரஜீபனுக்கு,

பலகை குறைந்துபோனது என்று நீர் எழுதியதைத் தம்பிஐயாவுக்குச் சொன்னேன். அந்த மனிசன் பாவம், உடனே வேலையைத் தொடங்கிவிட்டார். பொசன் பௌர்ணமி லீவில் ஆசாரியைக் கூட்டி வந்து விளிம்புக்கு மேலே இரண்டு பக்கமும் புதிதாக ஒரு பலகை வைத்து அடித்து, உள்ளுக்கும் ஒழுக்குப் பார்த்து, நீலப் பெயின்ற்றும் பூசியாச்சு. படம் அனுப்பியிருக்கிறேன். மணவறை மாதிரி இருக்கிறது.

இப்போது உம்முடைய பிள்ளைகளை எண்ணச் சொல்லும். நாலு பலகை தெரியும். பிரச்சினை முடிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். உம்முடைய அக்காவிடம் இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம். அவ நித்திரை கொள்ளமாட்டா. நீர் பயந்த சுபாவம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தத் தீவில் தனிய இருந்து யோசித்து யோசித்து அப்படி ஆகிவிட்டீரோ தெரியாது. ஒரு கலியாணத்தைப் பேசுவோமா?

அன்பு அத்தான்,
கணநாதன்


வேலணை,
24.06.2025

அத்தானுக்கு,

பலகை குறைந்தது என்று எழுதினேன். நீங்கள் பலகை வைத்து அடித்தீர்கள். காய்ச்சல்காரன் உடம்பு சூடு என்றால் தேர்மாமீற்றரை ஐஸ்பெட்டிக்குள் வைப்பீர்களா? மன்னித்துக்கொள்ளுங்கள், இதை எழுதாமல் விட என்னால் ஏலவில்லை.

திங்கட்கிழமை காலை டிலோனும் நிலக்சனாவும் போய் எண்ணினார்கள். டிலோன் ஓடி வந்தான். "சேர், நாலு! படகு எழும்பீட்டுது!" வகுப்பு கைதட்டியது. நிலக்சனா பின்னால் நடந்து வந்தாள். பொட்டை ஒட்டச் சொன்னேன். ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை?"

"சேர், படகு எழும்பேல்லை. பலகைதான் கூடினது."

"எப்படித் தெரியும்?"

"நாங்கள் மேல இருந்தெல்லோ எண்ணுறம். மேல புதுசு. கீழ பழைய பலகையைப் பாத்தா மூண்டுதான் தெரியுது."

அத்தான், நாலாம் வகுப்பு. ஒன்பது வயது. மூன்று. வெசாக்குக்குப் பிறகு இருந்ததைவிட இன்னும் அரைப் பலகை தாழ. எண்ணுகிற பொருளையே நாங்கள் மாற்றிவிட்டால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை என்று நான் ஒரு பள்ளித் தவணை முழுக்க நின்று கத்தினாலும் விளங்காது. உங்கள் ஆசாரி ஒரு லீவில் படிப்பித்துவிட்டார்.

பிறகு மட்டையைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு எல்லோரும் நிலத்தில் இருந்து பார்த்தோம். முதல் கேள்வி: என்ன தெரியுது? "படிக்கட்டு சேர்" என்றார்கள். உண்மைதான். நானும் நாலு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், பார்க்கவில்லை. முப்பது பேரளவில் வந்த நாட்களின் பொட்டுகள் சரிவாக இறங்கவில்லை. கொஞ்ச நாள் ஒரே மட்டம், பிறகு சடாரென்று அரைப் பலகை கீழே, மறுபடி ஒரே மட்டம். ஒழுக்கு என்றால் அப்படி வராது, மரம் ஊறினாலும் அப்படி வராது. ஆரோ பாரத்தைத் தூக்கி வைத்தால்தான் படி வரும்.

"எப்ப எப்ப இறங்குது எண்டு பாருங்கோ" என்றேன். சிவராத்திரி. வருசப்பிறப்பு. வெசாக். பொசன்.

"லீவு விட்டாத்தான் சேர் படகு தாழுது."

கீர்த்திகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "லீவுக்கு அப்பாதான் சேர் லாண்ட்மாஸ்ரர் வண்டியில மண்ணும் கல்லும் கொண்டுபோய்ப் படகுக்குள்ள பறிக்கிறவர். சீமெந்து குழைக்க."

பூச்சு என்று எழுதினீர்கள். பூச்சு இல்லை, கொங்கிறீற். ஒழுக்கு வருகிற ஒவ்வொரு முறையும் அடித்தளத்தில் மண்ணும் கல்லும் சீமெந்தும் குழைத்து ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பாரத்தில் படகு தாழும். தாழ்ந்தால் மேல் இடுக்குகளுக்கும் தண்ணீர் எட்டும். திரும்பவும் ஒழுக்கு. திரும்பவும் சீமெந்து. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஐம்பது பேருக்குக் குறையாத பாரம் அதற்குள் கிடக்கிறது. போதாததற்கு இப்போது மேலேயும் ஒரு சுற்றுப் பலகை. கீழே என்ன நிலையில் மரம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அதை மூடிவிட்டீர்கள்.

அந்தப் பிள்ளை கேட்டதே, அந்த ஆட்கள் எங்கே இருக்கினம் என்று. கண்டுபிடித்தாயிற்று.

படகை நிற்பாட்டுங்கள். ஆடி பிறக்குமுன் நிற்காவிட்டால் இந்த மட்டையை நான் இறங்குதுறையில் கட்டுவேன். அக்காவுக்கும் எழுதுவேன். உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன்.

ரஜீபன்


பேர்ண்,
28.06.2025

ரஜீபனுக்கு,

அப்பிள் எண்ண வேண்டிய பிள்ளைகளை வைத்து என் அம்மாவின் பெயரை எண்ணுகிறீர்.

நான் இங்கே பதினாறு மணித்தியாலம் சட்டி கழுவியவன். அந்தப் படகு இல்லாமல் விட்டால் அந்தச் சனத்துக்கு என்ன நடக்கும் என்று உம்முடைய மட்டையில் எங்கே பொட்டு ஒட்டியிருக்கிறீர்? ஒரு படகை நிற்பாட்டுவது லேசு. ஒன்று விட்டுப் பாரும்.

கட்டுவதென்றால் கட்டும். அக்காவுக்கு எழுதுவதென்றால் எழுதும். பிறகு அத்தான் என்று ஒருவன் இருக்கிறான் என்று நினைக்க வேண்டாம்.

கணநாதன்


நெடுந்தீவு,
20.07.2025

அத்தானுக்கு,

இருக்கிறீர்களோ இல்லையோ, எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஆடிப்பிறப்பு. அன்று பின்னேரம் மட்டையை இறங்குதுறைக் கொட்டிலில் கட்டினேன். அக்காவுக்கும் அன்றே படம் எடுத்து அனுப்பினேன். அவ ஒரு வரிதான் எழுதினா: "ஏன்ரா எனக்கு முதலே சொல்லேல்லை?"

முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. "என்ன வாத்தியார், திரும்பவும் எலெக்சனோ?" என்று ஒருவர் கேட்டார். பிறகு நிலக்சனா வந்து நின்றாள். பெண்கள் இரண்டு மூன்று பேர் கூடினார்கள். அவள் விரலை வைத்து, கறுப்புப் பொட்டு ஆள் இருக்கிற படகு, சிவப்புப் பொட்டு வெறும் படகு, இந்தப் படி சிவராத்திரி, இந்தப் படி வெசாக் என்று சொல்லிக்கொண்டு போனாள். படகில் ஏறியிருந்த ஒரு தாய் ஆட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டா. அதற்குப் பிறகு வரிசையாக இறங்கினார்கள்.

தம்பிஐயா அண்ணை கொட்டிலுக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். மட்டையைக் கனநேரம் பார்த்தார்.

"சரி வாத்தியார். நாளைக்கு ஆருக்கும் நெஞ்சு நொந்தா உம்மட பொட்டிலயோ ஏத்தி அனுப்புறது?"

நான் மட்டையைக் கழற்றாமல் விட்டுவிட்டு வந்தேன்.

இனித் துறையில் ஓடுவது மற்றப் படகு ஒன்று மட்டும்தான், அது என் நேரத்துக்கு ஓடாது. அதனால் அன்றிலிருந்து தர்சினி ரீச்சரின் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறேன். தீவை விட்டு வெளிக்கிட முடியாமல் இருப்பது என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் துறையில் படகு நிற்கிறதோ என்று பார்க்க ஓடுகிறேன். ஒரு கிழவி இருமினால் திரும்பிப் பார்க்கிறேன். உங்கள் அம்மாவை அன்று கரையில் கட்டிலோடு வைத்துக்கொண்டு நின்றதை நான் ஒரு கதையாகத்தான் கேட்டிருந்தேன்.

இன்னொரு பயம். பிழையாக இருந்தால்? மூன்றாவது கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டேன், என்னிடம் நான் கேட்டேனா? விடிய எழும்பிப் போய்த் துறையில் குப்புறப் படுத்து நானே எண்ணினேன். மூன்று. அடுத்த நாளும் போனேன். ஒரு முறை மூன்றே கால் போலத் தெரிந்தது. அந்தக் கால் பலகையை வைத்துக்கொண்டு முழுநாளும் யோசித்தேன். வேறு காரணம் இருக்கக்கூடும் என்றால் நான் ஒரு தீவின் வழியை அடைத்துவிட்டு நிற்கிறேன்.

பிழை என்றால் எழுதுங்கள். ஏசியாவது எழுதுங்கள்.

ரஜீபன்


வேலணை,
03.08.2025

அத்தானுக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பார்த்தேன், "அன்னப்பிள்ளை" கரையில். உருளைக்கட்டை வைத்து இழுத்துச் சாய்த்திருந்தது. தம்பிஐயா அண்ணையும் இரண்டு பொடியளும் சுத்தியலோடு உள்ளே நின்றார்கள்.

"ஆர் இழுக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"உம்மட அத்தான்தான். வாத்தியாருக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவர்." பிறகு சொன்னார்: "இப்ப நான் சொல்லேல்லை. நீர் வந்து பாத்தனீர்."

சீமெந்தை உடைத்தபோது நான் நின்றேன். அது கட்டி கட்டியாகக் கழன்றது. கழலும்போது மரமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மரம் என்று சொல்ல ஏலாது, தேத்தண்ணீரில் நனைந்த பாண் மாதிரி. தம்பிஐயா அண்ணை கையை வைத்தார், கை வெளியே போய்விட்டது. வெளியே போன கை மண்ணைத் தொட்டது. அவர் கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். "இதில நேற்று வரைக்கும் எஞ்சின் ஏத்தி வைச்சிருந்தனான்" என்றார். பிறகு மணலில் குந்திவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தச் சீமெந்துதான் கடைசியில் படகாக இருந்திருக்கிறது, அத்தான். பலகை அதற்கு வெளியே ஒரு சட்டை.

படகு இனிக் கடலுக்குப் போகாது. பெயர்ப்பலகையைக் கழற்றி வகுப்பு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கீர்த்திகன் கேட்டான்: "சேர், நாங்கள் வெண்டிட்டமோ?"

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த நேரம் மற்றப் படகு துறைக்கு வந்தது. இரண்டு படகுச் சனமும் ஒரு படகில். விளிம்பிலும் இருந்தார்கள், கூரையிலும் இருந்தார்கள். பிள்ளைகள் பழக்க தோஷத்தில் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஆரும் சொல்லவில்லை. நிலக்சனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு, சேர்."

நல்ல படகு அது, மரத்தில் பிழை இல்லை. பிழை என்னுடைய வரைபில். ஒரு படகை நிற்பாட்டினால் அந்தச் சனம் எங்கே போகும் என்பதற்கு நான் கட்டம் கீறவில்லை. நீங்கள் அதைத்தான் கேட்டீர்கள். நான் அதை வாசிக்கும்போது கோபத்தை மட்டும் வாசித்தேன். இப்போது நானும் அந்தப் படகில்தான் போய் வருகிறேன், அவர்களும் நேரத்தை மாற்றிவிட்டார்கள். விளிம்பில் இருந்து காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன், தண்ணீர் தொடாமல் இருக்க. போகும்போது ஒன்றும் யோசிப்பதில்லை. இறங்கின பிறகுதான் திரும்பிப் பார்த்து எத்தனை பலகை என்று எண்ணுகிறேன்.

இன்னும் மூன்று கிழமையில் அக்காவும் தனுசியாவும் குறிகட்டுவானில் வந்து நிற்பார்கள். திருவிழாச் சனத்தோடு. அங்கே இருப்பது அந்த ஒரு படகு.

கோபத்தை வைத்திருங்கள். நான் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு படகு விடுங்கள். சின்னதாக இருந்தாலும் சரி. பெயர்ப்பலகை என்னிடம் இருக்கிறது.

ரஜீபன்


பேர்ண்,
10.08.2025

ரஜீபனுக்கு,

உம்மோடு எனக்குக் கதை ஒன்றும் இல்லை. உம்முடைய அக்கா கேதீஸ்வரியின் டிக்கட்டைச் சித்திரைக்கு மாற்றியாச்சு, கடல் படுக்கட்டும். தனுசியா அழுகிறாள், அது வேறு.

பிள்ளைகளிடம் ஒரு கேள்வி இருக்கிறது. வாசித்துக் காட்டும்.

பிள்ளைகளுக்கு,

நான் ஒரு படகு பேசியிருக்கிறேன். ஃபைபர் படகு. அதில் பலகை இல்லை, எல்லாம் ஒரே வழுவழுப்பு. எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் இரண்டு பக்கமும் ஒரு சிவப்புக் கோடு கீறி அனுப்பச் சொல்லப் போகிறேன். கோடு தண்ணீருக்குள் போனால் படகு வெளிக்கிடக் கூடாது, தண்டையல் என்ன சொன்னாலும், நானே போன் எடுத்துச் சொன்னாலும்.

கோட்டை எந்த இடத்தில் கீறுவது? யோசித்து எழுதுங்கள். அவசரமில்லாமல் யோசியுங்கள். உங்கள் வாத்தியார் அவசரக்காரர்.

அன்னப்பிள்ளையின் மகன்,
கணநாதன்